முயல் செத்தது, ஆடு பிழைத்தது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனேயில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போயிருந்தேன். மழைக்காலம் என்பதால் எங்கே பார்த்தாலும் பச்சை. பாதையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு கிளையை வளைத்துப் பிடிக்க, ஏழெட்டு ஆடுகள் முட்டி மோதித் தின்றுகொண்டிருந்தன. "என்ன மரம்ப்பா?" என்றான் பையன். "சவுண்டல்" என்றேன். பெரியவரிடம் கேட்டால் "சுபாபுள்" என்றார். சூபாபுல், அதேதான்.

எனக்கு அந்த இலையைப் பார்த்தால் எப்போதும் முயல் ஞாபகம் வரும். அதைச் சொல்லப்போய் இவ்வளவு நீளமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987 என்று நினைவு. ராசிபுரம் பக்கத்தில் அம்மாயி ஊர். மாமா அப்போதுதான் கடன் வாங்கி முயல் வளர்க்க ஆரம்பித்திருந்தார். கம்பி வலையடித்த கூண்டுகள், பதினோரு முயல்கள். கோடை விடுமுறைக்குப் போன எனக்கு முயல்களுக்குத் தீனி போடும் உத்தியோகம் கிடைத்தது. சமூகக்காடு, வனமகோற்சவம் என்று சொல்லி சூபாபுல் கன்றுகளை ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலியோரம் நெடுநெடுவென்று வளர்ந்து நின்ற மரத்திலிருந்து கை எட்டிய இலையை எல்லாம் ஒடித்துப் போட்டேன். முயல்கள் ஆசையாகத் தின்றன. மூன்றாவது வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. முதுகில் திட்டுத் திட்டாக வழுக்கை. ஒவ்வொன்றாகச் சுருண்டு படுத்தன. ஆறு செத்துப்போயின. மீதியை வந்த விலைக்கு விற்றார்கள்.

அதே இலையைத்தான் அம்மாயியின் வெள்ளாடுகளும் தின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டதற்கு அம்மாயி, "முசலு ஆடாகுமா கண்ணு?" என்றதோடு சரி. மாமாவோ பக்கத்துத் தோட்டத்தில் பருத்திக்கு அடித்த மருந்து காற்றில் வந்து விழுந்துவிட்டது என்று முடிவு செய்து அந்தக் குடும்பத்தோடு சண்டை போட்டார். பேச்சுவார்த்தை நின்றுபோனது. நான் போட்ட இலையை யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

தழை தின்னும் பிராணிகளும் தழையின் விஷமும் நம் ஆட்களுக்குப் புதிய விஷயமில்லை. நம் செடிப் பெயர்களைப் பாருங்கள். ஆடாதொடை: ஆடு தொடாத இலை. (மராத்தியில் இதை அடுள்சா என்பார்கள். இருமல் மருந்து பாட்டிலில் என் பையன் அந்தப் பெயரைத்தான் பார்த்திருக்கிறான். ஆடு கதை அவனுக்குத் தெரியாது.) ஆடுதீண்டாப்பாளை இன்னொன்று. எது விஷம் என்று ஆட்டைக் கேட்டுத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். இளஞ்சோளப் பயிரில் மாடு வாய் வைத்தால் பதறி ஓடுவதும் இந்த அனுபவத்தால்தான். அதில் சயனைடு உருவாகும்.

சவுண்டலில் இருப்பது மைமோசின். தொட்டாச்சிணுங்கியில் இருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். செல்கள் பிரிந்து பெருகுவதை அது தடுக்கிறது. உடம்பில் ஓயாமல் செல் பெருகிக்கொண்டே இருக்கும் இடங்களில் ஒன்று முடியின் வேர். அதனால் முடி கொட்டுகிறது. குதிரை தின்றால் பிடரியும் வாலும் உதிரும். இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோ. அங்கே வாஹாகா என்ற ஊரின் பெயரே இந்த மரத்திலிருந்து வந்ததுதான். அங்கிருந்து ஸ்பானியர் கப்பலில் பிலிப்பைன்ஸுக்குப் போய், வெப்பமண்டல நாடெல்லாம் பரவியது. இந்தியாவில் சவுண்டல் முன்பே இருந்தாலும், ஹவாய் ரகங்கள் எனப்படும் நெட்டை மரங்கள் 1970, 80களில்தான் பெரிய அளவில் பரவின. இங்கே புனேக்குப் பக்கத்தில், உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் 1967ல் தொடங்கிய பாயிஃப் நிறுவனம் அதை முன்னின்று பரப்பிய அமைப்புகளில் ஒன்று. தீவனம், விறகு, காகிதக்கூழ் எல்லாவற்றுக்கும் ஆகும் மரம். வறண்ட நாட்டுக்கு அது பெரிய வரவுதான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், இதே மரத்தை மாட்டுக்கு முழுத் தீவனமாகப் போட்டவர்களுக்குச் சிக்கல் வந்தது. மாடுகளுக்கு முன்கழுத்துக் கழலை. எடை ஏறவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையை ரூமன் என்பார்கள். அது ஒரு பெரிய ஊறல் தொட்டி மாதிரி. அதிலுள்ள கிருமிகள் மைமோசினை உடைத்துவிடுகின்றன, அதனால் முடி தப்பியது. ஆனால் உடைந்து வந்த பொருள் டிஹெச்பி. அது தைராய்டைக் கெடுக்கிறது. பாதிக் கிணறு தாண்டிய கதை.

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற மேய்ச்சல்நில விஞ்ஞானி அப்போது ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அமைப்பில் வேலை பார்த்தார். அவர் ஹவாய்க்குப் போனபோது, அங்கே ஆடுகள் ஏறக்குறைய முழுக்க முழுக்க இந்தத் தழையையே தின்று கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்தார். அதே மரம், அதே விஷம், அதே ஆட்டு ஜாதி. ஊர் மட்டும்தான் வேறு. ஆஸ்திரேலிய ஆட்டின் மூத்திரத்தில் டிஹெச்பி கொட்டிக் கிடந்தது, ஹவாய் ஆட்டின் மூத்திரத்தில் அது இல்லை. அப்படியானால் வித்தியாசம் ஆட்டிலா, அதன் வயிற்றில் குடியிருப்பவர்களிடமா? 1981ல் ஒரு கால்நடை மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே கேள்விக்குறியோடுதான் இருக்கும். எனக்கு இந்த மனுஷனைப் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

பிறகு ஹவாய் ஆட்டின் ரூமனில் இருந்து எடுத்த கிருமிக் கலவையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து, காற்றுப் படாமல் வளர்த்து, உள்ளூர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயிற்றில் செலுத்தினார்கள். சில நாட்களில் மூத்திரத்தில் டிஹெச்பி காணாமல் போனது. ஜோன்ஸும் மெகாரிட்டியும் இந்த வெற்றியை 1986ல் எழுதினார்கள். இன்னும் வேடிக்கை, கிருமி வாங்கிய மாட்டோடு ஒரே பட்டியில் நின்ற மாடுகளுக்கும் அது தானாகவே பரவியது. தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கினால் போதும்.

அந்தக் கிருமியைத் தனியே பிரித்து, 1992ல் அமெரிக்காவின் மில்டன் அலிசன் குழுவினர் பெயர் வைத்தார்கள்: சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை. ஜோன்ஸின் நினைவாக. அப்போது ஆர்.என்.ஏ. வரிசையைப் படித்துப் பார்த்தால், தெரிந்த எந்தக் குடும்பத்திலும் அது சரியாக ஒட்டவில்லை. பிற்பாடு பாக்டீரியாக்களில் ஒரு முழுப் பெரும்பிரிவுக்கே இந்தப் பெயரை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். ஓர் ஆட்டு வயிற்றில் இருந்து இத்தனை பெரிய வம்சம். 1990களின் நடுவிலிருந்து குவீன்ஸ்லாந்து அரசே இந்தக் கிருமியைத் தொட்டியில் வளர்த்து விவசாயிகளுக்கு விற்றது.

இங்கேயே முடித்திருந்தால் அழகான கதை. பாடப்புத்தகங்கள் பலவற்றில் இங்கேதான் முடிகிறது. ஆனால் முடியவில்லை. அதற்கு முன் ஓர் எலியைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் பேக் ராட் என்று ஒரு எலி இருக்கிறது. கண்ட குச்சி, முள், எலும்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து பாறை இடுக்கில் சேர்க்கும். அதன்மேலேயே மூத்திரம் போகும். வறண்ட பாலைவனக் காற்றில் அது கெட்டியாகிக் கற்கண்டு மாதிரிப் பளபளக்கும். 1849ல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போன கூட்டத்தில் சிலர் பசி தாங்காமல் இதை மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிட்டு, கொஞ்சம் தித்திப்பாக இருந்தது, பிறகு குமட்டியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் :-)

அந்தக் கெட்டியான மூத்திரத்துக்குள் பதிந்த இலையும் விதையும் 40,000 ஆண்டு ஆனாலும் கெடாது. நெவாடாவில் அணுகுண்டுச் சோதனை நடந்த வளாகத்தில் ஆய்வு செய்த பிலிப் வெல்ஸ், கிளைவ் ஜோர்கென்சன் என்ற இருவர் 1964ல் இதைச் சொன்னார்கள். இன்று வெறும் பாலைப்புதர் மட்டும் நிற்கும் இடங்களில், பழைய எலிக்கூடுகளுக்குள் ஜூனிப்பர் மரத்தின் இலைகள் இருந்தன. அதாவது பனியுகத்தில் அங்கே குளிர்நாட்டு மரங்கள் நின்றிருக்கின்றன. எலிகள் அவற்றைத் தின்றிருக்கின்றன. பனியுக உச்சம் தாண்டி, கடந்த 20,000 ஆண்டுகளுக்குள், பூமி சூடாகச் சூடாக, தெற்கிலிருந்து கிரியோசோட் என்ற புதர் பரவியது. ஜூனிப்பர் பின்வாங்கியது. இந்தப் புதரின் இலை முழுக்கப் பிசின். ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் சரக்கு. எலிக்கு வேறு வழியில்லை. தின்னப் பழகியது. நாளேடு மாதிரி அதன் சாப்பாட்டுக் கணக்கு அதன் கூட்டிலேயே இருக்கிறது. வேறெந்தப் பிராணிக்கும் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடைப்பது அபூர்வம்.

விஷத்தை முறிப்பது வயிற்றுக் கிருமிகளாக இருக்கலாம் என்று 1974லேயே ஃப்ரீலாண்ட், ஜான்சன் இருவரும் எழுதியிருந்தார்கள். காட்டு விலங்கில் அதைக் காட்ட நாற்பது வருஷம் ஆனது. உட்டா பல்கலைக்கழகத்தில் டெனிஸ் டியரிங் என்ற அம்மையாரின் ஆய்வகம். 2014ல் கெவின் கோல் முதல் ஆசிரியராக வந்த கட்டுரை. கிரியோசோட் தின்று பழகிய மொஹாவி எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வயிற்றுக் கிருமிகள் குறைந்தன, எலியால் அந்தத் தழையைத் தின்று எடையைக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு எதிர்த்திசையில்: அந்தத் தழையையே பார்த்திராத வடக்கத்தி எலிகளுக்கு, பழகிய எலிகளின் புழுக்கையைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். அவை முன்பைவிட அதிகம் தின்று தாக்குப்பிடித்தன. ஹவாய் ஆட்டின் கதையே மறுபடி நடந்த மாதிரி.

அப்படியானால் எலிக்கு இதில் பங்கே இல்லையா? வெறும் வீட்டு ஓனர்தானா? அதைப் பார்க்க எலியின் முழு ஜீனோம் வேண்டும். இது ஒரு ஆய்வகத்தால் ஆகிற வேலையில்லை. பாலைவனத்தில் பொறி வைத்து எலி பிடிப்பவர் ஒருவர், டி.என்.ஏ. வரிசை படிப்பவர் ஒருவர், அதைக் கணினியில் ஒட்டவைப்பவர் இன்னொருவர். உட்டா, நெவாடா பல்கலைக்கழகக்காரர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். விஷமுறிவு மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி வரிசைகட்டி நிற்கும். துண்டு துண்டாகப் படித்து ஒட்டும்போது கணினி பத்தையும் ஒன்றென்று நினைத்துவிடும். (மென்பொருள்காரர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.) இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டு இனத்து எலிகளைச் சேர்த்துக் கலப்புக் குட்டி ஒன்றை எடுத்து, அதன் டி.என்.ஏ.வை நீளநீளத் துண்டுகளாகப் படித்து, இது அப்பன் பங்கு, இது ஆத்தாள் பங்கு என்று பெற்றோரை வைத்துப் பிரித்துவிட்டார்கள். ஒரே குட்டியில் இரண்டு இனத்தின் ஜீனோம். அது 2022ல் வந்தது.

2025 ஜனவரியில் சயன்ஸ் இதழில் அடுத்த கட்டுரை. கிரியோசோட் பழகிய எலிகளில் விஷமுறிவு மரபணுக்களின் பிரதிகள் கூடியிருந்தன. புதிய மரபணு எதையும் கண்டுபிடித்துக்கொள்ளவில்லை. இருப்பதையே மேலும் மேலும் பிரதி எடுத்திருக்கின்றன. அதுவும் இரண்டு இனங்களில் தனித்தனியாக, ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடிக்காமல். முக்கியமாக குளுக்குரோனிக் அமிலத்தை விஷத்தோடு ஒட்டவைக்கும் நொதிகள். அப்படி ஒட்டியதும் விஷம் தண்ணீரில் கரைந்து மூத்திரத்தில் போய்விடும். நம் ஈரலும் பாராசிட்டமாலை இப்படித்தான் வெளியேற்றுகிறது. பூனைக்கு இந்த வரிசையில் ஒரு மரபணு பழுது. அதனால்தான் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் செத்துவிடும். பூனை வளர்ப்பவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று 2018ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. கோவாலாவின் ஜீனோம். 7 நாடுகளில் 29 நிறுவனங்களைச் சேர்ந்த 54 விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தது. யூகலிப்டஸ் இலையை மட்டுமே தின்று உயிர்வாழும் அந்தப் பிராணியிடம், சி.ஒய்.பி.2சி என்ற விஷமுறிவு மரபணுக் குடும்பத்தில் 31 உறுப்பினர்கள். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. நோய் வந்தால் டாக்டர் கொடுக்கும் மருந்தையும் அது விஷம் என்றே நினைத்துச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடுகிறது. மரபணு மட்டும் போதாது என்பதுபோல, குட்டி பால் மறக்கும் முன் தாயின் வயிற்றிலிருந்து வரும் கூழ் போன்ற கழிவைத் தின்று கிருமிகளையும் வாங்கிக்கொள்கிறது. சீர்வரிசை!

சரி, சவுண்டலுக்குத் திரும்புவோம். குவீன்ஸ்லாந்தில் கிருமி கொடுத்த மந்தைகளிலும் டிஹெச்பி மூத்திரத்தில் வந்துகொண்டிருந்ததை 2000களில் கவனித்தார்கள். முதலில் கிருமி செத்துவிட்டதோ என்று பயந்தார்கள். டி.என்.ஏ. வைத்துத் தேடினால், கிருமி கொடுக்காத நாடுகளின் மாடுகளிலும் ஜோன்ஸின் கிருமி கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. கிழக்கு இந்தோனேசியாவில் ஏறக்குறைய முழுவதும் சவுண்டல் தழையே தின்னும் மாடுகளின் மூத்திரத்தில் டிஹெச்பி ஏராளம். ஆனால் மாடுகள் நன்றாக இருந்தன. கூர்ந்து பார்த்தால், அந்த டிஹெச்பியில் பெரும்பகுதி வேறொன்றோடு ஒட்டவைக்கப்பட்டு, வீரியம் இழந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ஒட்டவைத்தது ஈரல். அதே குளுக்குரோனிக் அமிலம். எலி செய்த அதே வேலை. சில வாரம் பழகவிட்டால் மாடு தானே சமாளித்துக்கொள்கிறது, கிருமி கொடுக்கத்தான் வேண்டுமா என்று குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஷெல்டன் குழுவினர் 2019ல் கேட்டார்கள். இந்தத் தலைப்பும் கேள்விக்குறியோடுதான்.

அப்படியானால் ஜோன்ஸ் தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ஊற்றிய கிருமி டிஹெச்பியைத் தின்றது உண்மை. மாடு தேறியதும் உண்மை. அவர் காலத்தில் மூத்திரத்தை அளக்க முடிந்தது, வயிற்றுக்குள் யார் யார் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. டியரிங் ஆய்வகமும் ஒரு பாதியை 2014ல் பார்த்தது, மறுபாதியை 2025ல் பார்த்தது. கிருமியா ஈரலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் தப்பான கேள்வி என்பது என் கட்சி.

அப்படியே என் முயலுக்கும் விடை கிடைத்தது. ஆட்டுக்கு ஊறல் தொட்டி முன்னால் இருக்கிறது. இலை உடம்பில் கலக்கும் முன் கிருமிகள் மைமோசினில் கை வைத்துவிடுகின்றன. பேக் ராட்டுக்கும் இரைப்பையின் முன்பகுதியில் கிருமிகளுக்கு ஓர் அறை உண்டு. முயலுக்குத் தொட்டி பின்னால், குடலின் கடைசிப் பக்கம். கிருமிகளிடம் போய்ச் சேருவதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். போதாததற்கு அம்மாயியின் ஆடுகள் வேலியில் நாலு வாய், வரப்பில் நாலு வாய் என்று மேய்ந்தவை. முயலுக்கு நான் போட்டது மூன்று வேளையும் அதே இலை.

அன்று இரவே மாமாவுக்குப் போன் செய்தேன். எழுபத்தைந்து வயதாகிறது, காது கொஞ்சம் மந்தம். முயல் ஞாபகம் இருக்குங்களா மாமா என்று ஆரம்பித்து, இலைக் கதையை முடிந்தவரை சொன்னேன். நான்தான் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அவங்க அடிச்ச மருந்துல ஒண்ணும் இல்லீங்கறே" என்றார்.

"இல்லைன்னுதான் நெனைக்கறேனுங்க மாமா."

"ம்." மறுபடி சத்தமில்லை. பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. "செரி மாப்ள, பையன் எப்படிப் படிக்கறான்? பொங்கலுக்காச்சும் வருவீங்களா?"